மழைக்குப் பிறகு மக்கர் பண்ணும் பழைய பைக்: மெக்கானிக்கிடம் போகும் முன் நீங்களே பார்க்க வேண்டியவை

கோயம்புத்தூரில் மழையில் நனைந்த வண்டியை ஒரு மணி நேரம் வெயிலில் நிறுத்தினால் பாதிப் பிரச்சினை தானாகவே போய்விடும். ஊட்டியில் அது நடக்காது. இங்கே 2,200 மீட்டர் உயரத்தில் மழை விட்டாலும் மேகம் விடுவதில்லை, நனைந்த வயர் இரண்டு நாள் ஆனாலும் நனைந்தபடியேதான் கிடக்கும். அதனால் ஈரம் எங்கே புகுந்திருக்கிறது என்று தேடிப் பிடித்து நாம்தான் துடைத்தாக வேண்டும்.

இதில் சொல்வதெல்லாம் கார்புரேட்டர் (பெட்ரோலையும் காற்றையும் கலந்து இன்ஜினுக்கு அனுப்பும் பாகம்) உள்ள வண்டிகளுக்கு. பழைய ஸ்பிளெண்டர், விக்டர், ஆர்.எக்ஸ். 100, பழைய பல்சர், புல்லட் என்று 2020க்கு முன் வந்த வண்டிகளில் பெரும்பாலானவை இந்த வகைதான். பிளக் ஸ்பேனர், ஸ்க்ரூ டிரைவர், காய்ந்த பருத்தித் துணி, பழைய டூத் பிரஷ், கொஞ்சம் வாஸலின், ஒரு கண்ணாடி பாட்டில் இருந்தால் போதும்.

தொடங்கும் முன் ஒரு எச்சரிக்கை. கூடலூர், பந்தலூர் பக்கம் ஆடி மழையில் ரோட்டில் ஓடும் தண்ணீருக்குள் வண்டியை விட்டு இன்ஜின் வரை முங்கியிருந்தால், செல்ஃப் பட்டனைத் தொடவே வேண்டாம். சிலிண்டருக்குள் தண்ணீர் இருந்தால் அதை பிஸ்டனால் அழுத்த முடியாது, கனெக்டிங் ராடு வளைந்துவிடும். பிளக்கைக் கழற்றிவிட்டு, இக்னிஷனை ஆஃபில் வைத்து, மெதுவாக கிக்கரை மிதியுங்கள். உள்ளே தண்ணீர் இருந்தால் பிளக் ஓட்டை வழியாகப் பீச்சிக்கொண்டு வெளியே வரும்.

முதலில் வண்டி என்ன சொல்கிறது என்று கேளுங்கள்

ஸ்டார்ட் ஆகிறது, ஐடிலில் ஓரளவு ஓடுகிறது, ஆனால் ஏற்றத்தில் ஆக்ஸிலரேட்டர் கொடுத்ததும் மிஸ்ஸிங் அடிக்கிறது, சைலன்சரில் பட்பட்டென்று வெடிக்கிறது என்றால் பெரும்பாலும் கரன்ட் கசிவு. கொஞ்ச தூரம் நன்றாக ஓடி, அப்படியே அடங்கி ஆஃப் ஆகி, சற்று நேரம் கழித்து மறுபடி ஸ்டார்ட் ஆனால் பெட்ரோலில் தண்ணீர் இருக்க வாய்ப்பு அதிகம். வண்டி இழுக்கவே இல்லை, கருப்பாகப் புகை விடுகிறது என்றால் ஏர் ஃபில்டர். இது நூற்றுக்கு நூறு பொருந்தாது, ஆனாலும் எங்கே தொடங்குவது என்று தெரிந்துவிடும். சந்தேகமாக இருந்தால் கரன்ட் பக்கத்திலிருந்தே தொடங்குங்கள், மழைக்குப் பிந்தைய கோளாறுகளில் அதுதான் அதிகம். ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் சரிசெய்து ஓட்டிப் பாருங்கள், எல்லாவற்றையும் ஒன்றாகக் கழற்றினால் எது காரணம் என்று கடைசி வரை தெரியாது.

கரன்ட்

பிளக் கேப்பைப் பிடித்து இழுங்கள், வயரைப் பிடித்து இழுக்காதீர்கள். கேப்பின் உட்புறத்தைத் துணியால் துடையுங்கள். பிளக்கைக் கழற்றும் முன் அதைச் சுற்றியிருக்கும் சேற்றை பிரஷால் தள்ளிவிடுங்கள், இல்லாவிட்டால் அத்தனையும் சிலிண்டருக்குள் விழும். கழற்றிய பிளக் கருப்பாகக் கரி பிடித்து ஈரமாக இருந்தால் ஆச்சரியப்பட வேண்டாம். ஊட்டியில் காற்றழுத்தம் கடல் மட்டத்தைவிடக் கிட்டத்தட்ட கால் பங்கு குறைவு, சமவெளிக்கு ஏற்ற ஜெட் (பெட்ரோல் அளவைத் தீர்மானிக்கும் சின்னத் துளை) போட்ட கார்புரேட்டர் இங்கே காற்றுக்கு மிஞ்சிய பெட்ரோலைத்தான் அனுப்பும், அதனால் பிளக்கில் கரி சீக்கிரம் படியும். அந்தக் கரியோடு ஈரமும் சேர்ந்தால் பொறி முனையில் தாண்டாமல் ஓரமாகக் கசிந்து போய்விடும். பிரஷால் சுத்தம் செய்து நன்றாகக் காய வையுங்கள், பழைய பிளக் என்றால் புதிதாகவே போடுங்கள்.

இப்போது பொறி வருகிறதா என்று பாருங்கள். பிளக்கைக் கேப்பில் மாட்டி, அதன் இரும்பு உடல் இன்ஜினைத் தொடும்படி சிலிண்டர் தகடுகளுக்கு இடையில் செருகி வையுங்கள். பிளக் ஓட்டையை விட்டுத் தள்ளியே இருக்கட்டும், அங்கிருந்து வரும் பெட்ரோல் ஆவி தீப்பிடிக்கும். கையால் பிடிக்க வேண்டாம், ஆயிரக்கணக்கான வோல்ட் அது. இக்னிஷனை ஆன் செய்து கிக்கரை உதைத்தால் நீலமாகப் பளிச்சென்று சத்தத்தோடு பொறி வர வேண்டும். சிவப்பாக, மெலிதாக, விட்டு விட்டு வந்தால் கேப்பையும் வயரையும் பாருங்கள்.

பல பழைய வண்டிகளில் கேப் வயரோடு திருகி மாட்டியிருக்கும். இடப்பக்கம் திருகினால் கழன்று வரும். வயர் நுனியில் பச்சையாகக் களிம்பு ஏறியிருந்தால் அரை சென்டிமீட்டர் வெட்டிவிட்டு, புதிய செம்பு தெரிந்த பிறகு கேப்பை மறுபடி திருகுங்கள். இந்த ஒரு வேலையில் சரியாகும் வண்டிகள் ஏராளம்.

பார்வைக்கு எல்லாம் நன்றாக இருந்தும் மிஸ்ஸிங் நிற்கவில்லையா? இருட்டிய பிறகு, வண்டியைத் திறந்த வெளியில் நிறுத்தி ஐடிலில் ஓட விட்டு, காயிலிலிருந்து (பொறிக்கு வேண்டிய உயர் வோல்ட்டைத் தரும் பாகம்) பிளக் வரை வரும் வயரின் மேல் தண்ணீரைப் பனித்துளி அளவுக்குத் தெளித்துப் பாருங்கள். ரப்பர் வெடித்திருந்தால் அந்த இடத்திலிருந்து சேஸிஸுக்கு ஊசி முனை அளவில் நீலப் பொறி தாவுவது கண்ணுக்குத் தெரியும், டிக் டிக் என்று சத்தமும் கேட்கும். அந்த வயருக்கு இன்சுலேஷன் டேப் சுற்றுவது வீடு போய்ச் சேரத்தான், மாற்றிவிடுவதே சரி.

ஹேண்டில்பாரில் இன்ஜினை நிறுத்தும் கில் ஸ்விட்ச் இருந்தால் அதை நாலைந்து முறை முன்னும் பின்னும் தள்ளுங்கள். சீட்டுக்கு அடியிலும் டேங்குக்கு அடியிலும் இருக்கும் கனெக்டர்களைக் கழற்றித் துடைத்து, மாட்டும்போது ஓரத்தில் கொஞ்சம் வாஸலின் தடவினால் அடுத்த மழைக்குத் தாங்கும்.

பெட்ரோல்

பெட்ரோல் டேப்பை மூடிவிட்டு, கார்புரேட்டர் அடியில் இருக்கும் டிரைன் ஸ்க்ரூவைத் தளர்த்தி, வருவதைக் கண்ணாடி பாட்டிலில் பிடியுங்கள். இன்ஜின் ஆறியிருக்க வேண்டும், பக்கத்தில் பீடி சிகரெட் கூடாது. ஐந்து நிமிடம் அசைக்காமல் வைத்தால் தண்ணீர் அடியில் தனியாக நிற்கும். இப்போது பங்க்கில் வருவது எத்தனால் கலந்த பெட்ரோல். எத்தனால் ஓரளவு ஈரத்தை இழுத்து வைத்துக்கொள்ளும், அளவு மீறினால் தண்ணீரோடு சேர்ந்து அடியில் இறங்கிவிடும். ரிசர்வுக்குப் போட்டதும் வண்டி திணறுகிறது என்றால் காரணம் இதுதான், ரிசர்வ் டேங்கின் அடிமட்டத்திலிருந்து எடுக்கிறது.

தண்ணீர் இருந்தால் டேங்கையும் முழுதாக இறக்கிவிட வேண்டும், கார்புரேட்டரை மட்டும் காலி செய்தால் பத்து கிலோமீட்டரில் அதே கதை. எப்படிப் புகுந்தது என்றும் பாருங்கள். டேங்க் மூடியைச் சுற்றித் தேங்கும் மழைநீர் வெளியேற ஒரு சின்ன ஓட்டை இருக்கும், அது அடைத்துக்கொண்டு மூடி ரப்பரும் காய்ந்திருந்தால் தண்ணீர் உள்ளேதான் இறங்கும். மெல்லிய கம்பியால் குத்திவிடுங்கள்.

காற்று, ஆயில்

ஏர் ஃபில்டர் ஸ்பாஞ்ச் வகை என்றால் சோப்புத் தண்ணீரில் அலசி, முறுக்காமல் பிழிந்து, முழுக்கக் காய்ந்த பிறகு துளி ஆயில் தடவி மாட்டலாம். பேப்பர் வகை நனைந்தால் மாற்றுவதுதான். ஃபில்டர் பெட்டியின் அடியில் தொங்கும் சின்ன ரப்பர் குழாயை அழுத்தித் தேங்கிய தண்ணீரை விட மறக்காதீர்கள்.

ஆயில் ஊற்றும் மூடியைத் திறந்து பாருங்கள். மூடியில் மட்டும் லேசான வெள்ளை நுரை இருந்தால் பயம் வேண்டாம், குளிர் ஊரில் பக்கத்துக் கடைக்கு மட்டும் ஓடும் வண்டியில் அது வரும், ஒரு முறை குன்னூர் வரை நன்றாகச் சூடேற ஓட்டினால் போய்விடும். ஆயில் முழுக்க பால் விட்ட டீ மாதிரி மாறியிருந்தால் ஸ்டார்ட் செய்யாமலே இறக்கிவிடுங்கள்.

புதிய பிளக், புதிய கேப் போட்டும் பொறியே வரவில்லை என்றால் அது பெரும்பாலும் காயில் அல்லது சி.டி.ஐ. (பொறி எப்போது வர வேண்டும் என்று கட்டுப்படுத்தும் மின்னணுப் பெட்டி). அதற்கு மெக்கானிக்தான் வேண்டும், எதையெல்லாம் பார்த்துவிட்டீர்கள் என்று அவரிடம் சொல்லுங்கள், அவருக்கு அரை நாள் மிச்சம்.

வண்டி சரியாகிவிட்டது என்று உடனே கோத்தகிரி ரோட்டிலோ கல்லட்டி மலைப்பாதையிலோ இறங்கிவிட வேண்டாம். டிரம் பிரேக்குக்குள் தண்ணீர் இருந்தால் முதல் மிதியில் பிடிக்காது. சமதளத்தில் மெதுவாக ஓட்டிக்கொண்டே இரண்டு பிரேக்கையும் லேசாக அழுத்தி அழுத்தி விடுங்கள், சூட்டில் ஷூ காய்ந்து பழையபடி பிடிக்க ஆரம்பித்ததும் கியரில் வைத்தபடி இறங்குங்கள்.