இதழ் அட்டைப்பட அஞ்சலட்டைகள்: அடையாளம் காண்பதும் ஈரத்திலிருந்து காப்பதும்

மலேசியாவின் சுங்கை சிப்புட் போன்ற தோட்டப் பட்டணத்தில் இருந்துகொண்டு, பழைய இதழ்களின் அட்டைப்படங்களை அச்சிட்ட அஞ்சலட்டைகளைச் சேர்க்க விரும்புபவர் இரண்டு வேலைகளில் தேர்ச்சி பெற வேண்டும். கையில் இருப்பது எந்தக் காலத்து அட்டை என்று கண்டறிவது ஒன்று. அதை நம் ஊரின் ஈரக்காற்றிலிருந்து காப்பது மற்றொன்று. வாங்குவது இவ்விரண்டையும்விட எளிது. ஞாயிற்றுக்கிழமை காலையில் ஈப்போவில் கூடும் பழைய பொருள் சந்தை நமக்குப் பக்கம். பினாங்கின் லோரோங் குலிட் சந்தைக்கும் பெட்டாலிங் ஜெயாவின் அம்கோர்ப் மால் வார இறுதிச் சந்தைக்கும் அவ்வப்போது போய்வரலாம். புதிய பெட்டித் தொகுப்புகளைப் புத்தகக் கடைகளிலும் இணையத்திலும் வாங்கிக்கொள்ளலாம்.

இன்று விற்பனைக்கு வரும் இவ்வகை அட்டைகளில் பெரும்பாலானவை பிற்கால மறுபதிப்புகளே. அமெரிக்காவின் ‘நியூ யார்க்கர்’ வார ஏட்டின் 1925 பிப்ரவரி 21 தேதியிட்ட முதல் இதழுக்கு ஓவியர் ரியா இர்வின் வரைந்த, ஒற்றைக் கண்ணுக்கான கண்ணாடி வழியே வண்ணத்துப்பூச்சியை நோக்கும் கனவானின் படமும், 1916 முதல் 1963 வரை ‘சாட்டர்டே ஈவினிங் போஸ்ட்’ இதழுக்கு நார்மன் ராக்வெல் வரைந்த முந்நூற்றுக்கும் மேற்பட்ட அட்டைப்படங்களில் பலவும் இப்படித்தான் அஞ்சலட்டைகளாகக் கிடைக்கின்றன. மறுபதிப்பு என்பது குறையன்று. ஆனால் மறுபதிப்பைப் பழைய அட்டை என்று சொல்லிக் கூடுதலாகப் பத்து வெள்ளி (ரிங்கிட்) கேட்டால் தரக் கூடாது.

ஆகவே முதலில் அட்டையைத் திருப்பிப் பின்பக்கத்தைப் பாருங்கள். முகவரிக்கும் செய்திக்கும் இடம் பிரிக்கும் நடுக்கோடு பிரிட்டனில் 1902இலும் அமெரிக்காவில் 1907இலும்தான் அனுமதிக்கப்பட்டது; அந்தக் கோடுள்ள அந்நாட்டு அட்டை அதற்கு முந்தையதாக இருக்க முடியாது. கடைகளில் பட்டைக்கோடு (பார்கோடு) முதன்முதலாக வாசிக்கப்பட்டது 1974இல். ஆகவே பட்டைக்கோடோ இணைய முகவரியோ அச்சிட்ட அட்டை, முன்பக்கத்தில் எவ்வளவு பழைய தேதி இருந்தாலும், அண்மைக் காலத்தது. காப்புரிமை வரியில் உள்ள ஆண்டு பெரும்பாலும் படத்துக்கு உரியது. அதை அட்டை அச்சான ஆண்டாகக் கொண்டுவிடக் கூடாது.

அடுத்து, பத்து மடங்கு பெருக்கும் பூதக்கண்ணாடியை எடுத்து இதழின் பெயர் அச்சாகியுள்ள எழுத்துகளின் ஓரத்தைக் கவனியுங்கள். நல்ல பதிப்பில் கறுப்பு எழுத்தின் ஓரம் கத்தியால் வெட்டியதுபோல் கூர்மையாக நிற்கும். பழைய இதழை அப்படியே ஸ்கேன் செய்து அச்சிட்டிருந்தால் அதே ஓரம் நீலம், சிவப்பு, மஞ்சள் புள்ளிகளாகச் சிதறியிருக்கும்; வானம், சுவர் போன்ற சமநிறப் பரப்புகளில் பழைய அச்சின் புள்ளிகளின்மேல் புதிய அச்சின் புள்ளிகள் விழுந்து, அலையலையான கோலம் ஒன்று தெரியும். மூலத்தைப் பார்த்து அக்கறையோடு செய்த பதிப்பையும் அவசரப் பதிப்பையும் பிரித்தறிய இதைவிட நல்ல சோதனை எனக்குத் தெரியாது.

இதழின் நீள அகல விகிதமும் அஞ்சலட்டையின் 148க்கு 105 மி.மீ. அளவும் எப்போதும் பொருந்துவதில்லை என்பதால், சிலர் வெள்ளை ஓரம் விட்டு முழுப்படத்தையும் தருவார்கள். சிலர் ஓரத்தை வெட்டிவிடுவார்கள். மூலையில் இருந்த ஓவியரின் கையெழுத்து வெட்டுப்பட்டிருந்தால் அந்த அட்டையை நான் வாங்குவதில்லை. அட்டைப்படம் ஓவியருடைய உழைப்பு. அவர் பெயர் போனால் பாதி மதிப்பும் போயிற்று. தொகுப்பையும் இதழ்வாரியாக அடுக்காமல் ஓவியர்வாரியாக அடுக்கினால், ஒரே கை பல ஆண்டுகளில் எப்படி மாறியது என்பது கண்ணுக்குத் தெரியும்.

இனி, நம் ஊரில் மிகுந்த கவனம் கோரும் பாதுகாப்பு. காற்றின் ஈரப்பதம் இங்கே பெரும்பாலான நாள்களில் 80 விழுக்காட்டை ஒட்டியிருக்கிறது. தாளுக்கு ஏற்றதோ ஏறக்குறைய 50. மழைக்காலத்தில் தகரக் கூரை வீட்டின் வெளிச்சுவரை ஒட்டிய அலமாரியில் வைத்த அட்டைகளில் பூஞ்சணம் பிடிக்கும், பழுப்புப் புள்ளிகள் தோன்றும், ராமபாணப் பூச்சி பளபளப்புப் பூச்சைச் சுரண்டித் தின்னும். எனவே ஒவ்வோர் அட்டையையும் பாலிபுரொப்பிலீன் அல்லது பாலியெஸ்டர் உறையில் இடுங்கள். கடுமையான பிளாஸ்டிக் நெடி வீசும் மலிவான பி.வி.சி. உறைகள் நாளடைவில் கசிந்து அட்டையின் மையோடு ஒட்டிக்கொள்ளும்; அவற்றை அறவே தவிருங்கள். லேமினேட் செய்வது, செல்லோடேப் ஒட்டுவது இரண்டும் திருத்த முடியாத கேடுகள்.

உறையிட்ட அட்டைகளை, ரப்பர் வளையமுள்ள இறுக்கமான மூடி கொண்ட டப்பாவில் நிறுத்திவைத்து, சிறு துணிப்பையில் ஈரம் உறிஞ்சும் சிலிக்கா ஜெல் மணிகளைப் போட்டு வையுங்கள். நீல நிற மணிகளில் கோபால்ட் நச்சு இருப்பதால் ஆரஞ்சு நிற மணிகளே நல்லவை. அவை நிறம் மாறியதும் அடுப்பில் மிதமாகச் சூடேற்றினால் மீண்டும் பயன்படும். ஈரப்பதமானி ஒன்றையும் டப்பாவுக்குள் வைத்துவிட்டால் ஊகத்துக்கு வேலையில்லை. அந்துருண்டை வேண்டாம், அதன் ஆவி மனிதருக்கும் ஆகாது, சிலவகை பிளாஸ்டிக்கையும் இளக்கிவிடும்.

பூஞ்சணம் வந்துவிட்டால் அந்த அட்டையை உடனே தனியே பிரித்து, நிழலில் காற்றாட உலர்த்தி, முகக்கவசம் அணிந்து, வீட்டுக்கு வெளியே மென்தூரிகையால் தட்டிவிடுங்கள். ஈரத்துணியால் துடைத்தால் கறை உள்ளே இறங்கும். வெயிலில் காயவைத்தால் நிறம் வெளுக்கும்.

நம் தோட்டங்களில் பல வீடுகளில் ‘ஆனந்த விகடன்’, ‘கல்கி’ தீபாவளி மலர்களைப் பெரியவர்கள் இரும்புப் பெட்டியில் வைத்திருந்தார்கள். ஓவியர்கள் கோபுலுவும் மணியமும் வரைந்த அட்டைப்படங்கள் இன்னும் யார் வீட்டிலாவது இருந்தால், அருள்கூர்ந்து கத்தரிக்காதீர்கள். இதழை முழுமையாக வைத்துக்கொண்டு, அதன் அட்டைப்படத்தை அங்குலத்துக்கு 600 புள்ளி அடர்த்தியில் ஸ்கேன் செய்து, அச்சுப் புள்ளிகளை நீக்கும் ஸ்கேனர் வசதியைப் பயன்படுத்தி, அச்சுக் கடையில் சதுர மீட்டருக்கு 300 கிராம் எடையுள்ள, பளபளப்பற்ற (மேட்) அட்டையில் அச்சிட்டுக்கொள்ளலாம். மலேசியச் சட்டப்படி ஓவியரின் உரிமை அவர் மறைந்த பின்னும் 50 ஆண்டுகள் நீடிப்பதால், இப்படிச் செய்தவற்றைச் சொந்தத் தொகுப்புக்கு மட்டும் வைத்துக்கொள்ளுங்கள், விற்கக் கூடாது.

பெட்டித் தொகுப்பில் உங்களுக்குப் பிடித்த படம் இரண்டு இருந்தால் ஒன்றை நண்பருக்கு அனுப்புங்கள். தபால் முத்திரை விழுந்த அட்டைக்குத் தனி அழகு உண்டு. வழவழப்பான பின்பக்கத்தில் ஜெல் பேனா மை ஈஷிக்கொள்ளும் என்பதால் பால்பாயிண்ட் பேனாவில் எழுதி, முத்திரையை அழுத்தமாகக் கையால் குத்தித் தரும்படி அஞ்சலகச் சாளரத்தில் கேளுங்கள். வைத்துக்கொள்ளும் அட்டைகளின் பின்பக்கத்தில் மென்மையான பென்சிலால் ஓர் எண்ணை மட்டும் எழுதி, அதே எண்ணின்கீழ் ஓவியர், இதழ், தேதி, வெளியீட்டாளர், வாங்கிய இடம், கொடுத்த வெள்ளி ஆகியவற்றை ஒரு நோட்டில் பதிந்து வாருங்கள்.