ஓட்டிசம் உள்ள பிள்ளைக்கு நீச்சல்: முதலில் கரையேறப் பழக்குங்கள்

கிரைண்டர் சத்தத்துக்கே காதைப் பொத்தும் என் மகன், நெஞ்சளவு தண்ணீரில் நின்றால் அடங்கிப்போவான். ஒன்பது வயது. தண்ணீர் எல்லாப் பக்கமும் உடம்பை இறுக்கிப் பிடிக்கிறது. காது அமிழ்ந்தால் வெளிச்சத்தம் மங்குகிறது. அந்த ஈர்ப்புத்தான் ஆபத்தும். ஓட்டிசம் உள்ள 15 வயதுக்குட்பட்ட பிள்ளைகள் மூழ்கி இறக்கும் வாய்ப்பு மற்றப் பிள்ளைகளைவிட 160 மடங்கு என்று 2017இல் அமெரிக்காவின் கொலம்பியா பல்கலைக்கழக ஆய்வு கணக்கிட்டது. இங்கே இலங்கையின் வன்னியில் நாலடி நடந்தால் குளம், இல்லையென்றால் வாய்க்கால். பழக்காமல் விட முடியாது.

1. தோட்டத்துப் பம்படித் தொட்டியில் தொடங்குங்கள். தினமும் ஒரே நேரம். குளம் அப்புறம். துருசடிக்கும் (குளத்து மதகடிக்கும்), வான் பாயும் (குளம் நிரம்பி வழியும்) நாட்களில் குளத்துக்கும் போகவே வேண்டாம். முதலை நடமாட்டத்தை அங்கே வலை போடுபவர்களிடம் கேளுங்கள்.

2. உடம்போடு ஒட்டும் பெனியன் நல்லது, கழுத்து லேபிளை வெட்டிவிடுங்கள். காற்றடைத்த கைப்பட்டை எனக்கு அறவே பிடிக்காது. மல்லாந்து மிதக்க விடாது; அதைக் கழற்றிய பிறகும் மிதப்போம் என்று நம்பிப் பிள்ளை குதித்துவிடும்.

3. மல்லாந்து மிதக்க: பிடரிக்குக் கீழே உள்ளங்கை, "படு" என்ற ஒரே சொல். ஒருநாள் "சரிஞ்சு படடா ராசா" என்றேன், குழம்பி எழும்பிவிட்டான். கை எட்டும் தூரத்தைவிட்டு விலகாதீர்கள்.

4. கரையேறுதல். கடைசியில் எழுதினாலும் முதலில் பழக்க வேண்டியது இதைத்தான். நான் சறுக்கியது இங்கேதான். முதல் நாள் "போதும், வா" என்றேன். வரவில்லை. தூக்கினேன், கடித்தான், அலறினான். பிறகு மூன்று கிழமை தொட்டிப் பக்கமே வரவில்லை. பிடிவாதம் என்றுதான் நினைத்தேன். எப்போது முடியும் என்று அவனுக்குத் தெரியாததுதான் காரணம் என்பது பிறகே விளங்கியது. இப்போது தொட்டி விளிம்பில் ஐந்து கல். ஒருதரம் மிதந்தால் ஒரு கல்லைத் தண்ணீருக்குள் போடுவான். கல் முடிந்தால் துவாய். அவசரமென்றாலும் கல்லைக் குறைக்காதீர்கள், ஒருதரம் ஏமாற்றினால் திரும்ப முதலிலிருந்துதான். அண்மையில் ஐந்தாவது கல்லை அவன் போடுவதில்லை. என் கையில் வைத்து, நான் போடும்வரை முகத்தையே பார்த்துக்கொண்டு நிற்பான்.

பின்சேர்க்கை: தன் மகள் கரையில் புதுக் கல் பொறுக்கி வந்து அடுக்குகிறாள் என்று முல்லைத்தீவிலிருந்து ஒரு அம்மா எழுதியிருந்தார். கெட்டிக்காரி! கல்லுக்குப் பதில் சோடா மூடி ஐந்து வைத்து, வெறும் பால்மா ரின்னுக்குள் போடச் சொல்லுங்கள்.