பிள்ளைகளுக்குப் பயக்கதை எழுதுகிறீர்களா? இந்தப் பிழைகளைச் செய்யாதீர்கள்

போன மாரியில் கரண்ட் நின்ற ஒரு இரவு, அக்காவின் ஏழு வயது மகளுக்கு ஒரு கதை சொன்னேன். பொய் சொன்ன ஒரு பெடியனைப் புளியமரத்து முனி தூக்கிக்கொண்டு போய்விடுகிறது. கதை அவ்வளவுதான். "பிறகு அவன்ர அம்மா என்ன செய்தவ, மாமா?" என்று கேட்டாள். என்னிடம் பதில் இல்லை. அன்று அவள் நித்திரை கொள்ளவும் இல்லை. பொய் சொல்லக் கூடாது என்பது அவள் மனதில் ஏறவே இல்லை, ஏறியது அந்தத் தாயின் அழுகை மட்டும்தான்.

பேயைத் தண்டனை கொடுக்கும் ஆளாக வைப்பதுதான் எல்லாரும் விடும் பிழை. பொய்க்கும் முனிக்கும் ஒரு தொடுப்பும் கிடையாது, நாமாகத்தான் முடிச்சுப் போடுகிறோம், பிள்ளைக்கு அது தெரிந்துவிடுகிறது. செய்த பிழைக்குள் இருந்தே பயம் வர வேண்டும். அதே கதையைப் பிறகு இப்படி மாற்றினேன்: பெடியன் படலையைத் திறந்து போட்டுவிட்டான், "பூட்டிட்டன்" என்று பொய் சொல்லிவிட்டான், கன்றுக்குட்டி வெளியே போய்விட்டது. இருட்டியதும் யாருக்கும் சொல்லாமல் தனியே தேடிப் போகிறான். குளக்கட்டில் ஆட்காட்டிக் குருவி கத்துகிறது. ஆளோ மிருகமோ நடமாடக் கண்டால் அது கத்தும், ஆனால் அவன் அசையாமல் நிற்கிறான், அது இன்னும் கத்திக்கொண்டே இருக்கிறது. அவன் எங்கே நிற்கிறான் என்று வீட்டில் யாருக்கும் தெரியாது, ஏனென்றால் அவன் சொன்னது பொய். இந்தக் கதையில் பேய் வரவே இல்லை, ஆனாலும் அவள் என் கையை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள்.

உண்மையான ஆபத்துக்குப் பேய் வேஷம் போடாதீர்கள். குளத்தில் இறங்கினால் முனி பிடிக்கும் என்று சொல்லி வளர்த்த பிள்ளை பன்னிரண்டு வயதில் முனியை நம்பாது, இறங்கிவிடும், ஆனால் முதலை அங்கேயேதான் கிடக்கும். வெடிபொருள் விஷயத்தில் இது இன்னும் முக்கியம். 2009இல் போர் முடிந்து பல வருடம் ஆகியும் கிளிநொச்சி, முல்லைத்தீவுப் பக்கங்களில் கண்ணிவெடி அகற்றும் வேலை தொடர்ந்தது. என்னவென்று தெரியாத இரும்பைக் கண்டால் தொடாதே, எறிந்து பார்க்காதே, வந்த தடத்திலேயே திரும்பிப் போய்ப் பெரியவர்களிடம் சொல் என்பதைக் கதைக்குள்ளும் நேராகவே சொல்ல வேண்டும்.

இன்னொன்று, இதை எழுதும்போதே மனம் கனக்கிறது: காணாமல் போன தகப்பனை, திரும்பி வராத அண்ணனைப் பயமுறுத்தும் பொருளாக்க வேண்டாம். இங்கே பல வீடுகளில் சுவரில் மாலை போடாத படம் ஒன்று தொங்குகிறது, அந்த வீட்டுப் பிள்ளைக்கு அது கதை இல்லை.

பிள்ளை தினமும் போகிற இடத்திலும் பேயைக் குடியிருத்தாதீர்கள். கிணற்றடியில் வைத்தால் நாளைக்குக் கால் கழுவவும் யாராவது கூடப் போக வேண்டிவரும். கோட்டை, சவப்பெட்டி, கோரைப்பல் என்று வேறு ஊர்ச் சாமான்களும் தேவையில்லை. பாலைமரக் காட்டு இருட்டும் அலைகரைச் சத்தமும் போதும்.

பயம் காட்டினால் திரும்பி வர ஒரு வெளிச்சமும் வையுங்கள். நான் குளக்கட்டு ஐயனார் கோயில் விளக்கை வைத்தேன். பெடியன் அதன் அடியில் நின்று, "அம்மா, நான்தான் படலையைப் பூட்டேல்லை!" என்று கத்துகிறான், தூரத்தில் ஒரு டோர்ச் வெளிச்சம் அவன் பக்கம் திரும்புகிறது. கதையை அங்கேயே நிறுத்திவிட்டேன். "ஆகவே பிள்ளைகளே" என்று தொடங்கும் வரி வாய்வரை வரும், விழுங்கிவிடுங்கள், அந்த ஒரு வரி முழுக் கதையையும் பாடப்புத்தகம் ஆக்கிவிடும்.

அவள் கொஞ்ச நேரம் பேசாமல் கிடந்தாள். பிறகு மெல்லக் கேட்டாள்: "மாமா, எங்கட படலை பூட்டியிருக்கோ?"