'டேக்' என்ற ஆங்கில வினைச்சொல்லைப் பழகுவது எப்படி?

'இந்த வேலைக்கு எனக்கு ரெண்டு மணி நேரம் பிடித்தது' என்று சொல்ல நினைத்து, ஒரு மின்னஞ்சலில் 'ஐ டுக் இட் டூ அவர்ஸ்' என்று எழுதி அனுப்பிவிட்டேன். எதை எடுத்தீர்கள் என்று பதில் வந்தது. அதற்கப்புறம்தான் இந்தச் சொல்லை உட்கார்ந்து படித்தேன். டேக், டுக், டேக்கன் மூன்றும் உங்களுக்குத் தெரிந்திருக்கும், நேரே விஷயத்துக்குப் போகலாம்.

முதல் படி: 'டேக் என்றால் எடு' என்று நோட்டில் எழுதி வைத்திருந்தால் அடித்துவிடுங்கள். நம்முடைய 'எடு'வையே பாருங்கள், பசி எடுக்கிறது, வாந்தி எடுத்தான் என்கிறோம், இதில் ஒன்றுக்கும் டேக் வராது.

இரண்டாம் படி: கூட வரும் சொல்லோடு சேர்த்தே எழுதுங்கள். மாத்திரை போடுகிறோம், பஸ் பிடிக்கிறோம், தேர்வு எழுதுகிறோம், ஃபோட்டோ எடுக்கிறோம். ஆங்கிலத்தில் நான்குக்கும் டேக் போதும். 'டேக் எ பாத்' என்பதில் நடுவில் இருக்கும் 'எ'யை விட்டுவிடாதீர்கள்.

மூன்றாம் படி, நான் தடுக்கி விழுந்த இடம், நேரம். தமிழில் 'எனக்கு' என்று ஆரம்பிக்கிறோம், அதனால் கை தானாக 'ஐ' போடுகிறது. இந்த அமைப்பில் முதலில் 'இட்' வரும், பிறகு டுக், அதன் பிறகுதான் ஆள், அப்புறம் நேரம், கடைசியில் செய்த வேலை: 'இட் டுக் மீ டூ அவர்ஸ் டு ஃபினிஷ் திஸ்'. நேரத்துக்கு முன்னால் 'ஃபார்' வேண்டாம். கேள்வியில் 'டிட்' வந்துவிட்டால் டுக் மறுபடி டேக் ஆகிவிடும்: 'ஹவ் லாங் டிட் இட் டேக்?' இதைப் பத்து தடவையாவது வாய்விட்டுச் சொல்லுங்கள், எனக்கு அப்படித்தான் படிந்தது.

அகராதி விஷயத்தில் நான் பிடிவாதக்காரன். ஒரு சொல்லுக்கு ஒரு சொல் தரும் மொழிபெயர்ப்புச் செயலி டேக்குக்கு உதவாது. 1978ல் முதலில் வந்த லாங்மன் கற்போர் அகராதியைப் பாருங்கள், விளக்கங்களைச் சுமார் 2000 எளிய சொற்களுக்குள் எழுதியிருப்பார்கள், எடுத்துக்காட்டுகளும் உண்டு.

இன்னொன்று, எனக்கு ரொம்பப் பிடித்தது. டேக் ஆங்கிலத்துக்குப் பழைய நார்ஸ் மொழியிலிருந்து, அதாவது வைக்கிங்குகள் பேசிய மொழியிலிருந்து, வந்த கடன் சொல். அதற்கு முன் அதே பொருளில் ஆங்கிலத்தில் இருந்தது 'நிமன்'. அது வழக்கொழிந்து போனாலும், மரத்துப்போன விரலைச் சொல்லும் 'நம்ப்' அதிலிருந்து வந்ததுதான்: பிடிக்கப்பட்டது, அதனால் உணர்வில்லாதது.

பின்சேர்க்கை: 'டேக் ஆஃப்' பற்றிப் பலர் கேட்டிருந்தீர்கள். விமானம் கிளம்பினால் வெறும் 'டேக் ஆஃப்', சரி. கழற்றுவது என்றால் 'டேக் ஆஃப் யுவர் ஷூஸ்', 'டேக் யுவர் ஷூஸ் ஆஃப்' இரண்டும் சரிதான். ஆனால் ஷூஸ் என்பதற்குப் பதில் 'தெம்' வந்தால் அது நடுவில் மட்டும்தான் உட்காரும்: 'டேக் தெம் ஆஃப்'.