வயிற்றுப் பயிற்சிக் கருவி வாங்குவதில் எங்கே தவறுகிறோம்?

வீட்டில் வைத்துச் செய்ய வயிற்றுப் பயிற்சிக் கருவி தேடுகிறவர்களில் பலர், எதையும் வாங்குவதற்கு முன்பே முதல் தவறைச் செய்துவிடுகிறார்கள். வயிற்றுக்கு வேலை கொடுத்தால் வயிற்றுக் கொழுப்பு கரையும் என்று நம்புவதுதான் அது. 1984-இல் வெளியான ஓர் ஆய்வில் 13 ஆண்களை 27 நாளில் ஆளுக்கு 5,004 சிட்-அப் (மல்லாந்து படுத்து உடலை உயர்த்தி எழும் பயிற்சி) எடுக்க வைத்தார்கள். வயிறு, முதுகு, பிட்டம் என மூன்று இடத்திலும் கொழுப்புச் செல்களை எடுத்து முன்னும் பின்னும் அளந்தார்கள். செல்கள் மூன்று இடத்திலும் ஏறத்தாழ ஒரே அளவில்தான் சிறுத்திருந்தன. வயிற்றுக்கென்று தனிச் சலுகை இல்லை. கருவி தருவது தசை வலுவைத்தான். அது வேண்டும் என்றால் வாங்கலாம். தொப்பை மட்டுமே கவலை என்றால் சாப்பாட்டையும் நடையையும் கவனிப்பதே மேல்.

இந்த நம்பிக்கையை வைத்துத்தான் விளம்பரங்கள் பிழைக்கின்றன. இடுப்பில் கட்டிக்கொண்டு சும்மா உட்கார்ந்தால் போதும் என்று விற்ற மின்அதிர்வு பெல்ட்டுகள் மூன்றின் மீது அமெரிக்காவின் நுகர்வோர் பாதுகாப்பு அமைப்பான எஃப்.டி.சி. 2002-இல் வழக்குப் போட்டது. மூன்று நிமிடம் செய்தால் 100 சிட்-அப்புக்குச் சமம் என்று விற்கப்பட்ட ஆப் சர்க்கிள் ப்ரோ என்ற கருவி மீதும் 2012-இல் அதே அமைப்பு நடவடிக்கை எடுத்து, வாங்கியவர்களுக்குப் பணம் திரும்பக் கிடைக்க வழி செய்தது. வியர்க்க வைக்கும் பெல்ட்டும் இதே ரகம்தான். குறைவது தண்ணீர், இரண்டு டம்ளர் குடித்தால் எடை திரும்பிவிடும்.

அடுத்த தவறு, சுலபமாக இருக்கும் கருவியை நல்ல கருவி என்று நினைப்பது. ஸ்பிரிங் தூக்கிவிடுகிறது, இருக்கை தானாக ஆடுகிறது, கழுத்தைத் தாங்க மெத்தை இருக்கிறது என்றால், வயிறு செய்ய வேண்டிய வேலையில் ஒரு பங்கைக் கருவியே செய்துவிடுகிறது என்று அர்த்தம். 2001-இல் சான் டியேகோ மாநிலப் பல்கலைக்கழகத்தில் 13 வயிற்றுப் பயிற்சிகளைத் தசையின் மின்செயல்பாட்டை அளந்து ஒப்பிட்டார்கள். வயிற்றின் முன்புறம் மேலிருந்து கீழாக ஓடும் நேர்வயிற்றுத் தசைக்கு முதலிடம் பிடித்தது, மல்லாந்து படுத்துச் சைக்கிள் மிதிப்பதுபோல் செய்யும் பயிற்சி. அதற்குக் கருவியே தேவையில்லை. இரண்டாவதாக வந்தது, முழங்கையை ஊன்றித் தொங்கியபடி காலை உயர்த்தும் கேப்டன்ஸ் சேர். உட்கார்ந்து ஆடும் கருவியோ, படுத்தபடி தோளை மட்டும் தூக்கும் சாதாரண க்ரஞ்சுக்குப் பக்கத்தில்கூட வரவில்லை.

சரி, இரண்டு பக்கமும் கைப்பிடி வைத்த சக்கரமான ரோலர் வீல்? சின்னது, ஓரமாக வைத்துக்கொள்ளலாம், வேலையும் கடுமையாக வாங்கும். பிரச்சினையே அந்தக் கடுமைதான். முட்டி போட்டு வீலை முன்னால் உருட்டும்போது வயிற்றின் வேலை உடலை மடக்குவதல்ல. முதுகு வளைந்து கீழே தொங்காமல் பிடித்துக்கொள்வது. வயிறு கைவிட்டதும் கீழ்முதுகு குழிந்துவிடும், பாரம் முழுவதும் அங்கே இறங்கும். மறுநாள் வலிப்பது வயிறா முதுகா என்று பார்த்தாலே யார் வேலை செய்தது என்று தெரிந்துவிடும். அதனால், முழங்கையையும் கால்விரலையும் ஊன்றி உடலை நேராகப் பிடிக்கும் பிளாங்கில் இடுப்பு தொங்காமல் அரை நிமிடமாவது நிற்க முடிகிறதா என்று பார்த்துவிட்டு வீலை வாங்குங்கள். ஆரம்பத்தில் சுவரைப் பார்த்து முட்டி போட்டுச் செய்வது நல்லது. வீல் சுவரில் மோதி நிற்கும், கட்டுப்பாடு போகும் தூரத்துக்குப் போகாது. பலம் கூடக் கூட முட்டியைக் கொஞ்சம் கொஞ்சமாகப் பின்னால் தள்ளலாம்.

வீலிலும் ரகம் உண்டு. ஒற்றை மெல்லிய சக்கரம் பக்கவாட்டில் ஆடும். புதியவர்களுக்கு அகலமான சக்கரம் அல்லது இரட்டைச் சக்கரம் நிதானமாகப் போகும். நடுக்கம்பி உலோகமாக இருக்கட்டும். கைப்பிடி உறையைத் திருகிப் பாருங்கள். கையோடு சுழன்றால் வியர்வை பட்டதும் வழுக்கும். வழவழப்பான டைல்ஸ் தரை என்றால் சக்கரத்தில் ரப்பர் கட்டாயம். அப்புறம் முட்டிக்குத் தடிமனான மேட்.

கதவு நிலையில் மாட்டும் கம்பியில் தொங்கிக் காலை உயர்த்துவது அருமையான பயிற்சி. ஆனால் கொக்கி வைத்து மாட்டும் கம்பி நிற்க, கதவு நிலையின் சட்டம் சுவரைவிட்டு வெளியே துருத்திக்கொண்டிருக்க வேண்டும். சுவரோடு சமமாக இருக்கும் நிலையில் அது நிற்காது. இரண்டு பக்கமும் இறுக்கி மாட்டும் வகையோ அழுத்தத்தை மட்டுமே நம்பியிருக்கிறது, அதில் உடலை ஆட்டக் கூடாது. அட்டையில் போட்டிருக்கும் எடை வரம்பு அசையாமல் தொங்குகிறவருக்குச் சரி. காலை வீசும்போது கம்பியில் விழும் விசை உங்கள் எடையைவிட அதிகம். உங்கள் எடைக்கு மேல் தாராளமாக இடம் விட்டு வாங்குங்கள்.

சிட்-அப் எடுப்பதற்கான சரிவு பெஞ்ச் வாங்குகிறவர்கள் மடித்த அளவைப் பார்த்து ஏமாறுகிறார்கள். விரித்த நீளத்தோடு, தலைக்குப் பின்னால் கை நீட்ட இடத்தையும் சேர்த்துத் தரையில் அளந்து குறியுங்கள். காலை உருளைக்குள் பூட்டிக்கொண்டு எழும்போது தொடையை மடக்கும் தசைகள் பெரும் பங்கு எடுத்துக்கொள்ளும் என்பதையும் மறக்க வேண்டாம். கால் உருளையின் தூரத்தை மாற்ற முடியாத பெஞ்ச், உயரம் வேறுபட்ட இருவர் உள்ள வீட்டுக்கு உதவாது.

மேலே உட்கார்ந்தும் படுத்தும் பயிற்சி செய்யும் பெரிய காற்றுப் பந்து வாங்கினால் அளவு முக்கியம். உட்காரும்போது தொடை தரைக்கு இணையாக இருக்க வேண்டும். பலருக்கு 55 அல்லது 65 செ.மீ. பந்து பொருந்தும். குத்துப்பட்டால் வெடிக்காமல் மெல்லக் காற்று இறங்கும் வகையையே எடுங்கள்.

குடலிறக்கம், முதுகெலும்பு வட்டு விலகல், பிரசவத்துக்குப் பின் வயிற்றுத் தசை பிளந்திருப்பது, கட்டுக்குள் வராத ரத்த அழுத்தம், இவற்றில் எதுவாவது இருந்தால் கருவிக்கு முன் மருத்துவரைத்தான் பார்க்க வேண்டும். முக்கியமாக வீலும் சரிவு பெஞ்சும் வயிற்றுக்குள் அழுத்தத்தைக் கூட்டுபவை. மூச்சை அடக்கிக்கொண்டு செய்தால் இன்னும் கூடும்.