கிளை நூலகத்தில் கோடை நிகழ்ச்சி நடத்துவது எப்படி

சேலத்தில் வெயில் உச்சிக்கு வந்த பிறகு கோடை நிகழ்ச்சியைப் பற்றி யோசிக்கத் தொடங்கினால் அந்த ஆண்டு அதை ஒழுங்காக நடத்த இயலாது. ஏப்ரலில் தேர்வுகள் முடிந்து ஜூனில் பள்ளி திறக்கும் வரை கிடைக்கும் சில வாரங்களில், பிள்ளைகள் பாட்டி ஊருக்குச் செல்லும் நாட்களையும் குலதெய்வக் கோயில் விழா நாட்களையும் கழித்துவிட்டால், மூன்று வாரங்கள் மிஞ்சினாலே பெரிது. ஆகவே மார்ச் மாதத்திலேயே வேலையைத் தொடங்கிவிட வேண்டும். எங்கள் பகுதிக் கிளை நூலகத்தின் வாசகர் வட்டத்தில் சில கோடைகளாக இந்தப் பணியில் இருந்து வருகிறேன். அந்த உரிமையில் ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: நிகழ்ச்சி முடிந்து வெளியேறும் பிள்ளையின் கையில் ஒரு நூலகப் புத்தகம் இருக்க வேண்டும். மற்ற ஏற்பாடுகள் யாவும் இதற்காகவே.

முதலில் நூலகரிடம் பேசுங்கள். பெரும்பாலான கிளை நூலகங்களில் கதவைத் திறப்பது முதல் நாளிதழ்களை அடுக்குவது, புத்தகம் வழங்குவது, பதிவேடு எழுதுவது வரை அனைத்தையும் ஒருவரே பார்த்துக்கொள்கிறார். அவருடைய சுமையைக் கூட்டும் எந்தத் திட்டமும் இரண்டாவது வாரத்திலேயே நின்றுவிடும். பாய் விரிப்பது, கூட்டிப் பெருக்குவது, பிள்ளைகளை வரிசையில் நிறுத்துவது ஆகியவற்றை வாசகர் வட்டம் ஏற்றுக்கொள்ளும் என்று தெளிவாகச் சொல்லிவிட்டு, நாள், நேரம், எதிர்பார்க்கும் பிள்ளைகளின் எண்ணிக்கை, பொறுப்பாளர்களின் பெயர் ஆகிய நான்கையும் ஒரே பக்கக் கடிதமாக எழுதி, அவர் வழியாக மாவட்ட நூலக அலுவலருக்கு அனுப்புங்கள். கேட்பதில் தயக்கம் வேண்டியதில்லை. 1948-இல் அன்றைய சென்னை மாகாணத்தில் இயற்றப்பட்ட பொது நூலகச் சட்டத்தின் வழியாக, நாம் கட்டும் வீட்டு வரியோடு ரூபாய்க்கு 10 காசு நூலக வரியாகச் சேர்கிறது. தறி ஓட்டிச் சம்பாதித்த காசும் அதில் இருக்கிறது.

நேரத்தைத் தீர்மானிப்பதில்தான் அதிகக் கவனம் தேவை. வெள்ளிக்கிழமை நூலகத்துக்கு வார விடுமுறை. இரண்டாவது சனிக்கிழமையும் அப்படியே. மற்ற நாட்களில் காலை ஒன்பதரை மணிக்குத் தொடங்கிப் பதினொன்றுக்குள் முடித்துவிட்டால், பிள்ளைகள் வெயில் ஏறுவதற்குள் வீடு சேர்ந்துவிடுவார்கள். ஆனால் அதே நேரத்தில்தான் நாளிதழ் படிக்கும் பெரியவர்களும், அரசுப் பணித் தேர்வுக்குப் படிக்கும் இளைஞர்களும் வந்து அமர்ந்திருப்பார்கள். தேர்வுக்குப் படிப்பவர்களில் பலருக்கு வீட்டில் தனி அறை கிடையாது. விசைத்தறிச் சத்தம் கேட்காமல் ஒரு பக்கத்தை முழுமையாகப் படிக்க அவர்களுக்கு இருக்கும் ஒரே இடம் நூலக மேசைதான். அவர்களை எழுப்பிவிட்டுக் கதை சொல்வது நியாயமாகாது. எங்களுக்குக் கை கொடுத்தது நூலகத்தின் தாழ்வாரம்: அங்கே பாய் விரித்து, பழைய சேலையைத் தட்டியாகக் கட்டி வெயிலை மறைத்து, உள்ளே செல்லும் கதவைச் சாத்திவைத்தோம். தாழ்வாரம் இல்லாத நூலகத்தில் வாரத்துக்கு இரண்டே நாட்களை வைத்துக்கொண்டு, அதை ஒரு வாரம் முன்பே வாசலில் எழுதி ஒட்டிவிடுவது நல்லது. தேர்வுக்குப் படிப்பவர்களையும் நிகழ்ச்சிக்குள் அழையுங்கள். கணிதப் புதிர் சொல்லித்தர அவர்களைவிடப் பொருத்தமானவர்கள் அந்தக் கட்டடத்தில் வேறு யாரும் இல்லை.

சேலத்தின் அம்மாபேட்டை, குகை, கொண்டலாம்பட்டி போன்ற பகுதிகளில் பெற்றோர் இருவருமே தறியிலோ கொலுசுப் பட்டறையிலோ இருப்பதால், பெரிய பிள்ளை தன் தம்பி தங்கையையும் இடுப்பில் சுமந்துகொண்டே வரும். மூன்று வயதுக் குழந்தைக்கு அனுமதியில்லை என்றால் பத்து வயதுப் பிள்ளையும் திரும்பிப் போய்விடும். எனவே ஓரமாக ஒரு பாயும் சில படப் புத்தகங்களும் ஒதுக்கி, அங்கே ஒருவரை உட்கார வையுங்கள். ஒரு மண்பானைத் தண்ணீரும் சங்கிலியால் கட்டிய குவளையும் போதும். தின்பண்டம் கொடுக்கத் தொடங்கினால் செலவு அதற்கே போய்விடும்.

உறுப்பினர் சேர்க்கையை முதல் நாளிலேயே முடித்துவிட வேண்டும். பெற்றோர் கையெழுத்திட்ட படிவமும், காப்புத் தொகையும், ஆண்டுச் சந்தாவும் இருந்தால்தான் புத்தகத்தை வீட்டுக்கு எடுத்துச் செல்ல முடியும். தொகை சிறியதுதான், எனினும் வாரக் கூலிக் குடும்பத்தில் அது தள்ளிப்போய்க்கொண்டே இருக்கும். பகுதியில் உள்ள கடைக்காரர்களிடமும் ஓய்வுபெற்ற ஆசிரியர்களிடமும் சென்று, ஆளுக்கு ஐந்து பிள்ளைகளின் தொகையை ஏற்கும்படி கேளுங்கள். 1,000 ரூபாய் செலுத்தி நூலகப் புரவலராகச் சேர விரும்புவோரும் அவர்களில் இருப்பார்கள்.

அடுத்த வேலை புத்தகத் தேர்வு. இந்திய நூலக இயலின் தந்தை எனப்படும் சீர்காழி எஸ்.ஆர். ரங்கநாதன் 1931-இல் வெளியிட்ட ஐந்து விதிகளில் ஒன்று, ஒவ்வொரு நூலுக்கும் அதற்குரிய வாசகர் இருக்கிறார் என்பது. அதை நம்பி, குழந்தைகள் அடுக்கில் உள்ள ஒவ்வொரு நூலையும் எடுத்து அதில் ஒட்டியுள்ள தேதித் தாளைப் பாருங்கள். சில தாள்களில் முத்திரை மேல் முத்திரையாக நிறைந்து மை கசிந்திருக்கும். சிலவற்றில் ஒரே ஒரு முத்திரை, அதுவும் பல ஆண்டுகளுக்கு முந்தையது. அந்த இரண்டாம் வகை நூல்களில் நல்லவற்றை நாற்பது அளவில் பொறுக்கி, தூசி தட்டி, ஒரு மூங்கில் கூடையில் அட்டை தெரியும்படி நிறுத்திவையுங்கள். முதுகுப்பக்கம் மட்டும் தெரியும் புத்தகத்தைப் பிள்ளைகள் தொடுவதில்லை.

கதை சொல்பவர் பாயிலேயே அமர்ந்து, படங்கள் பிள்ளைகளை நோக்கியிருக்குமாறு புத்தகத்தைப் பிடித்து, பக்கத்தை மெதுவாகத் திருப்ப வேண்டும். மேடைப் பேச்சு பழகியவர்களைவிட வீட்டில் பேரப்பிள்ளைக்குக் கதை சொல்லிப் பழகிய பாட்டிகள் இதை நன்றாகச் செய்கிறார்கள். கதையின் முடிச்சு இறுகும் இடத்தில் நிறுத்திவிட்டு, மீதி இந்தப் புத்தகத்தில் இருக்கிறது என்று கூடையில் வைத்துவிடச் சொல்லுங்கள். அந்தப் புத்தகம் ஒன்றுதான் இருக்கும், கேட்பவர் பத்துப் பேர் இருப்பார்கள். அந்தப் போட்டிக்காகப் பெயர் எழுதிக்கொள்ளும் தாள் ஒன்றைத் தயாராக வைத்திருங்கள்.

பிள்ளைகளுக்குத் தெரிந்த தொழிலையே புத்தகத்தோடு இணைத்துக் காட்டினால் கூட்டம் தானாகச் சேரும். ஒருமுறை எங்கள் பகுதி நெசவாளர் ஒருவர் தறியில் குறுக்கே ஓடும் நாடாவையும், அதனுள் வைக்கும் நூல் சுற்றிய தாரையும் கொண்டுவந்து, நீளவாக்கில் ஓடும் பாவு எது, குறுக்கே ஓடும் ஊடை எது என்று காட்டினார். நாடாவின் முனை தேய்ந்து பளபளத்ததை ஒவ்வொரு பிள்ளையும் விரலால் தடவிப் பார்த்தது. தார் சுற்றத் தெரிந்த ஒரு சிறுமி எழுந்து, அவர் சொன்னதில் விட்டுப்போன ஒரு படியைத் தானே சொன்னாள். வகுப்பில் வாய் திறக்காத பெண் என்று அவளுடைய அண்ணன் பிறகு என்னிடம் சொன்னான். அன்று ஆடை பற்றிய அறிவியல் நூல் மூன்று கைகள் மாறியது. இதே முறையில் கொலுசுத் தொழிலாளரையும், 1935-இல் சேலத்தில் தொடங்கப்பட்ட மாடர்ன் தியேட்டர்ஸ் திரைப்பட நிறுவனத்தில் வேலை பார்த்த முதியவர்களையும் அழைக்கலாம். மல்கோவாவையும் இமாம்பசந்தையும் அறுத்துவைத்து, சுவைத்தபின் மாமரத்தைப் பற்றிப் படிக்கச் செய்யலாம். ஓவியம், சதுரங்கம், காகித மடிப்பு ஆகியவை இடைவேளை நிரப்பப் போதும்.

பரிசுப் போட்டிகளை நான் பரிந்துரைக்க மாட்டேன். முதல் ஆண்டு நாங்கள் ஓவியப் போட்டி வைத்து மூவருக்குப் பரிசளித்தோம். பரிசு பெறாத முப்பதுக்கும் மேற்பட்டவர்களில் பாதிப் பேர் மறுநாள் வரவில்லை. அன்று எவரும் அலமாரிப் பக்கம் திரும்பவும் இல்லை. அந்தத் தவறு எங்களுடையது. இன்றும் அதை நினைத்தால் வருத்தமாக இருக்கிறது.

வெளியூர் செல்ல வாய்ப்பிருந்தால் ஏற்காட்டைவிடச் சிறந்த பாடம் இல்லை. பெற்றோரின் எழுத்து இசைவு பெற்று, பத்துப் பிள்ளைகளுக்கு இரண்டு பெரியவர்கள் என்ற கணக்கில், மே மாதக் கோடை விழா நெரிசலுக்கு முன்பே சென்று வருவது நல்லது. ஒரு வெப்பமானியையும் ஒரு குறிப்பேட்டையும் எடுத்துச் செல்லுங்கள். சேலம் நகரம் ஏறத்தாழ 280 மீட்டர் உயரத்திலும் ஏற்காடு ஏறத்தாழ 1,500 மீட்டர் உயரத்திலும் இருக்கின்றன. 1,000 மீட்டர் ஏறினால் வெப்பம் சுமார் ஆறரை டிகிரி குறையும் என்பதால், அடிவாரத்துக்கும் மேலுக்கும் இடையே ஏழெட்டு டிகிரி வித்தியாசத்தைப் பிள்ளைகளே அளந்து எழுதலாம். இருபது கொண்டை ஊசி வளைவுகளில் ஐந்துக்கு ஒருமுறை நிறுத்தி அளந்தால் வாந்தி வரும் பிள்ளைகளுக்கும் ஓய்வு கிடைக்கும். திரும்பியதும் ஆர்க்கிட், காபி, காட்டெருமை பற்றிய நூல்கள் மேசையில் காத்திருக்க வேண்டும்.

ஒவ்வொரு நாளும் வந்தவர் எத்தனை பேர், எடுத்துச் சென்ற நூல்கள் எத்தனை என்று இரண்டு எண்களையும் ஒரு நோட்டில் எழுதுங்கள். இரண்டாவது எண் குறைந்தால் மறுநாள் திட்டத்தை மாற்றுங்கள். ஜூன் இரண்டாவது வாரத்தில் அந்த நோட்டைப் பார்த்து, புத்தகத்தைத் திருப்பித் தராத பிள்ளைகளின் வீட்டுக்கு நேரில் செல்லுங்கள். புத்தகம் கிழிந்துவிட்ட பயத்தில்தான் பலர் வராமல் இருப்பார்கள். ஒட்டிக்கொள்ளலாம் என்று சொல்லி, அடுத்த புத்தகத்தையும் கையோடு கொண்டுபோய்க் கொடுங்கள். ரங்கநாதன் நினைவாக ஆகஸ்ட் 12-ஆம் நாள் தேசிய நூலகர் நாளாகக் கொண்டாடப்படுகிறது. கோடையில் வந்த பிள்ளைகள் மீண்டும் கூடி, தாங்கள் படித்ததில் ஒரு பக்கத்தை நூலகருக்கு வாசித்துக் காட்டுவதற்கான நாளாக அதை நோட்டின் கடைசிப் பக்கத்தில் இப்போதே குறித்துவையுங்கள்.