லிண்டா லாவினைப் பற்றிப் பேசும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

அமெரிக்க நடிகை லிண்டா லாவின் 2024 டிசம்பர் 29 அன்று லாஸ் ஏஞ்சல்ஸில் காலமானார். வயது 87. அவரை அறிமுகப்படுத்துகிறவர்கள் வழக்கமாக ஒரே வரியில் முடித்துவிடுகிறார்கள்: 'ஆலிஸ்' என்ற தொலைக்காட்சி நகைச்சுவைத் தொடரின் நாயகி, பாடவும் செய்வார். அந்த 'பாடவும்' என்ற சொல்லில் இருக்கும் 'உம்' என்னை ரொம்ப நாளாக உறுத்துகிறது. இலையில் ஓரமாக வைத்த ஊறுகாய் போலப் பாட்டை ஒதுக்கிவிடுகிறது அது. அவரைப் பற்றிச் சொல்லப்படும் மற்ற தவறுகளில் பாதி அந்த 'உம்'மிலிருந்துதான் கிளைக்கிறது.

முதலில் வரிசையைச் சரிசெய்வோம். லாவின் 1937-இல் மெய்ன் மாநிலத்தின் போர்ட்லாந்து நகரில் பிறந்தவர். அம்மா ஆபரா என்ற மேற்கத்திய இசை நாடகப் பாணியில் உச்சஸ்தாயியில் பாடியவர். வர்ஜீனியாவில் வில்லியம் அண்ட் மேரி கல்லூரியில் படித்துவிட்டு நியூயார்க் வந்த லாவினுக்கு வேலை கொடுத்தது பாட்டு நாடக மேடை. 1962-இல் 'எ ஃபேமிலி அஃபேர்' என்ற இசை நாடகத்தில், நியூயார்க்கின் பெரிய நாடக அரங்குகள் இருக்கும் பிராட்வேக்கு வந்துவிட்டார். 'ஆலிஸ்' தொடங்கியது 1976-இல். நடுவில் 14 ஆண்டுகள். புகழ்பெற்ற நடிகை ஒருவர் ஆசைக்கு மைக் பிடித்த கதை இல்லை இது. மேடையில் பாடிப் பழகிய ஒருவரைத் தொலைக்காட்சி பிறகு கண்டுகொண்டது.

அடுத்த தவறு, நகைச்சுவையையும் பாட்டையும் இரண்டு தனித்தனித் திறமைகளாக எண்ணுவது. நானும் இப்படித்தான் நினைத்திருந்தேன், 'தி மேட் ஷோ'வில் அவர் பாடிய பாட்டைக் கேட்கும் வரை. அது 1966-இல் பிராட்வேக்கு வெளியே ஒரு சிறிய அரங்கில் நடந்த கேலி நிகழ்ச்சி. இபனீமா கடற்கரைப் பெண்ணைப் பற்றிய பிரேசில் பாட்டு அப்போது எல்லோர் வாயிலும் இருந்தது. அதைக் கிண்டல் செய்து மேரி ராட்ஜர்ஸ் இசையமைக்க, ஸ்டீபன் சான்ட்ஹைம் புனைபெயரில் ஒரு பாட்டு எழுதினார். ஒரு பெண் தன் மனதுக்குப் பிடித்த பையனைப் பற்றி மெல்லிய குரலில் ஏக்கத்தோடு பாடுகிறாள். அவன் ஏன் தன்னைத் திரும்பிக்கூடப் பார்ப்பதில்லை என்பது கேட்கிற எல்லோருக்கும் புரிகிறது, அவளுக்கு மட்டும் புரியவில்லை. அதோடு அவன் ஊர்ப் பெயர் அனுமார் வால் மாதிரி நீள்கிறது. ஒவ்வொரு முறையும் அந்தப் பெயரை ஒரே மூச்சில் சொல்லி முடிக்க வேண்டும். சொல்லச் சொல்ல மூச்சு முட்டுகிறது. கடைசியில் அவன் வேறு ஊருக்குக் குடிபோகிறான், வேல்ஸ் நாட்டில் இருக்கும் அந்த ஊரின் பெயர் இன்னும் மோசம்.

இந்தப் பாட்டில் சிரிப்பு எங்கே பிறக்கிறது என்று கவனித்துக் கேளுங்கள். மூச்சு எந்த எழுத்தில் தீர வேண்டும், எந்த இடத்தில் அவசரமாகக் காற்றை இழுக்க வேண்டும், தாளம் தவறாமல் அடுத்த வரிக்கு எப்படி வந்து சேர வேண்டும் என்ற கணக்கில்தான் முழு வேடிக்கையும் இருக்கிறது. அந்தக் கணக்கு பாடகருக்கும் தெரிந்திருக்க வேண்டும், நடிகைக்கும் தெரிந்திருக்க வேண்டும். லாவினிடம் இரண்டும் ஒன்றாகவே இருந்தன. பத்து வருடம் கழித்து 'ஆலிஸ்' தொடரில் எதிரே இருப்பவர் பேசி முடித்ததும் ஒரு நொடி நிறுத்தி, பிறகு பதில் சொல்வாரே, அதே மூச்சுதான் இது.

அதே 1966-இல் சூப்பர்மேன் கதையை வைத்து ஹால் பிரின்ஸ் இயக்கிய பிராட்வே இசை நாடகத்திலும் நடித்தார். சூப்பர்மேன் தன்னை மறைத்துக்கொண்டு வாழும் வேடமான, கூச்ச சுபாவம் உள்ள கிளார்க் கென்ட்டைத் தன் பக்கம் இழுக்கப் பார்க்கும் சிட்னி என்ற பெண்ணாக வந்து ஒரு பாட்டைப் பாடுவார். பாடிக்கொண்டே அவன் சட்டைப் பொத்தான்களைக் கழற்றப் போவார், உள்ளே இருக்கும் சூப்பர்மேன் உடை வெளியே தெரிந்துவிடுமோ என்று அவன் பதறுவான். நாடகம் 129 முறை மேடையேறியதோடு நின்றுவிட்டது. அந்தப் பாட்டு நிற்கவில்லை. நாடகம் ஓடவில்லை என்பதற்காக அதில் பாடியவரின் அந்த ஆண்டைத் தோல்விக் கணக்கில் சேர்ப்பதும் தவறுதான்.

சரி, 'ஆலிஸ்' தொடருக்கு வருவோம். படத்தையும் தொடரையும் போட்டுக் குழப்பிக்கொள்கிறவர்கள் நிறைய. 1974-இல் மார்ட்டின் ஸ்கோர்செஸி இயக்கிய படத்தில் ஆலிஸாக நடித்து ஆஸ்கர் வாங்கியவர் எலன் பர்ஸ்டின். அந்தக் கதையை வைத்து 1976 முதல் 1985 வரை சிபிஎஸ் தொலைக்காட்சியில் 202 எபிசோடுகள் வந்த தொடரில்தான் லாவின். ஆலிஸ் வேலை பார்க்கும் உணவகத்தின் முதலாளி 'மெல்' ஆக வரும் விக் டேபேக் படத்திலும் உண்டு, தொடரிலும் உண்டு. படத்தில் ஃப்ளோ என்ற பரிமாறும் பெண்ணாக வந்த டயான் லாட், தொடரில் வேறொரு பாத்திரமாகச் சில காலம் தலைகாட்டினார். குழப்பம் வருவதற்கு இதுவும் ஒரு காரணமாக இருக்கலாம்.

தலைப்புப் பாட்டைப் பற்றிச் சொல்லும்போது, நாயகி என்பதால் அவரையே பாட விட்டார்கள் என்று சிலர் நினைத்துக்கொள்கிறார்கள். கதையை மறந்தால்தான் அப்படி நினைக்கத் தோன்றும். ஆலிஸ் யார்? கணவனை இழந்தவள். பாடகியாக வேண்டும் என்று மகனைக் கூட்டிக்கொண்டு நியூ ஜெர்சியிலிருந்து லாஸ் ஏஞ்சல்ஸுக்குக் கிளம்பியவள். வழியில் ஃபீனிக்ஸ் நகரில் கார் மக்கர் பண்ண, வயிற்றுப்பாட்டுக்கு மெல்லின் உணவகத்தில் பரிமாறும் வேலைக்குச் சேர்ந்தவள். பாட முடியாத ஒருவர் அந்த வேடத்துக்கு வந்திருந்தால் அந்தக் கனவு வெறும் வசனமாகவே நின்றிருக்கும். டேவிட் ஷயர் இசையில் ஆலன், மேரிலின் பெர்க்மன் தம்பதி எழுதிய அந்தத் தலைப்புப் பாட்டை ஒரே ஒலிப்பதிவு என்று நினைப்பதும் சரியில்லை. ஆண்டுகள் போகப் போக லாவின் அதைப் புதுப்புது விதமாகப் பாடித் தந்தார். வரிகளும் கொஞ்சம் மாறின. எந்த ஆண்டு எபிசோடைப் பார்க்கிறோமோ அந்த ஆண்டின் குரல்தான் காதில் விழும்.

கடைசி எபிசோடில் உணவகம் கைமாறுகிறது, ஆலிஸ் ஒரு இசைக்குழுவில் பாட நாஷ்வில் கிளம்புகிறாள். ஒன்பது சீசன் காபி ஊற்றியவள் கடைசியில் பாடப் போகிறாள். இந்தத் தொடரை 'உணவகக் காமெடி' என்று மட்டும் சுருக்கினால் இந்த முடிவு எங்கிருந்து வந்தது என்றே தெரியாது.

விருதுகளிலும் பிழைகள் வருகின்றன. 'ஆலிஸ்' தொடருக்காக அவர் வாங்கியது இரண்டு கோல்டன் குளோப் விருதுகள். தொலைக்காட்சிக்கான எம்மி விருதுக்குப் பரிந்துரை வந்தது, விருது வரவில்லை.

எனக்கு மிகவும் வருத்தம் தருவது, 1985-க்குப் பிறகு அவர் காணாமல் போய்விட்டார் என்று எழுதுவது. தொலைக்காட்சிப் பெட்டியை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தவர்களுக்கு அப்படித் தோன்றலாம். தொடர் முடிந்த மறு ஆண்டே நீல் சைமனின் 'பிராட்வே பவுண்ட்' நாடகத்தில் கேட் என்ற அம்மாவாக மேடையேறினார். இளம் வயதில் ஒரு நட்சத்திரத்தோடு ஆடிய கதையை மகனிடம் சொல்லிக்கொண்டே அவனோடு ஆடும் காட்சி ஒன்று அதில் வரும். அந்த வேடத்துக்கு 1987-இல், பிராட்வே நாடகங்களுக்குத் தரப்படும் டோனி விருது கிடைத்தது. 1990-இல் 'ஜிப்ஸி' இசை நாடகத்தில் அதுவரை நடித்துவந்த டைன் டேலியின் இடத்தில் ரோஸ் வேடம் ஏற்றார். பிராட்வேயில் ஒரு நடிகையின் குரலையும் நெஞ்சுரத்தையும் ஒருசேரச் சோதிக்கும் வேடம் அது. 2011-இல் வாஷிங்டன் கென்னடி சென்டரில் 'ஃபாலீஸ்' இசை நாடகம் மேடையேறியபோது அதில் வரும் முதிய மேடைப் பாடகியின் பாட்டை 73 வயதில் பாடினார். டோனி பரிந்துரைகள் மொத்தம் ஆறு, கடைசிப் பரிந்துரை 2012-இல். இதைக் காணாமல் போவது என்று யார் சொல்வார்கள்?

ஆல்பங்களை எண்ணி அவரைப் பாடகி ஆமா, இல்லையா என்று தீர்ப்புச் சொல்வதும் வேண்டாம். 'பாசிபிலிட்டீஸ்' என்ற அவரது ஆல்பம் வந்ததே 2011-இல்தான். பாட்டு நாடகக் கலைஞர்களுக்குக் கடைகளில் விற்கும் இசைத்தட்டு முதல் மேடை கிடையாது. அன்றைக்கு அந்த அரங்கில் உட்கார்ந்திருந்தவர்களுக்குத்தான் அவர்கள் பாடுகிறார்கள். பதிவில் மிஞ்சுவது கொஞ்சம்தான்.

அவரை இனிமேல்தான் கேட்கப் போகிறீர்கள் என்றால் 'ஆலிஸ்' தலைப்புப் பாட்டிலிருந்து தொடங்காதீர்கள். முதலில் அந்த நீள ஊர்ப் பெயர்ப் பாட்டு. அப்புறம் சட்டைப் பொத்தான் பாட்டு. அதற்குப் பிறகு 'ஆலிஸ்' எபிசோடு ஒன்று. கடைசியாக 2025-இல் வெளியான 'மிட்-செஞ்சுரி மாடர்ன்' நகைச்சுவைத் தொடர். நடிகர் நேதன் லேனின் அம்மாவாக அதில் நடித்துக்கொண்டிருக்கும்போதுதான் அவர் இறந்தார், அவருடைய பாத்திரத்தின் சாவையும் தொடரிலேயே வைத்தார்கள். அதில் மகனுக்கு அவர் சொல்லும் பதில்களில் எங்கே மூச்சு விடுகிறார் என்று கேட்டுப் பாருங்கள். 1966-இல் கேட்ட அதே கணக்குதான்.